எச்டிடிபி/3 உண்மையில் எவ்வளவு பரவியிருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வர் பராமரிப்பில் இருக்கும் நண்பர்களும், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும், பணம் ஒதுக்க வேண்டிய மேலாளர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். சர்வர் பக்கத்தில் புதிதாக வந்த ஒரு நுட்பத்தை எத்தனை பேர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை எப்படி அறிவது என்ற ஒரே கேள்வியைத்தான் எல்லோரும் வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். எடுத்துக்காட்டாக எச்டிடிபி/3-ஐ வைத்துக்கொண்டேன். அண்மைக் காலத்தில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள்; அதன் கணக்கைத்தான் அதிகம் தவறாகப் படிக்கிறார்கள்.

எச்டிடிபி/3 என்பது சர்வரில் இருப்பதா, பிரவுசரில் இருப்பதா?

இரண்டிலும் இருந்தால்தான் வேலை செய்யும். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைதான் எச்டிடிபி. 1997-ல் வந்த 1.1, 2015-ல் வந்த 2 ஆகிய பதிப்புகள், தரவை வரிசை தவறாமல் கொண்டுசேர்க்கும் டிசிபி இணைப்பின் மேல் ஓடுகின்றன. டிசிபி-யில் ஒரு பாக்கெட் (தரவின் சிறு துண்டு) வழியில் தொலைந்துபோனால், அது மறுபடியும் வந்து சேரும்வரை அதற்குப் பின்னால் வந்தவை எல்லாம் காத்து நிற்க வேண்டும். இந்தத் தேக்கத்தைத் தவிர்க்க, அப்படி வரிசைக்காகக் காத்திருக்காத யுடிபி-யின் மேல் ஓடும் க்விக் என்ற முறையை கூகுள் 2012 வாக்கில் உருவாக்கத் தொடங்கியது. இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அதைப் பல ஆண்டுகள் திருத்தி, 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000 என்ற தர ஆவணமாக வெளியிட்டது. அந்த க்விக்கின் மேல் ஓடும் எச்டிடிபி/3, 2022 ஜூனில் ஆர்எஃப்சி 9114 என்ற எண்ணோடு வந்தது.

பிரவுசர் பக்கம் பெரிய சிக்கல் இல்லை. குரோமும் ஃபயர்பாக்ஸும் அந்த ஆவணம் வெளிவருவதற்கு முன்பே இதை எல்லோருக்கும் இயக்கிவிட்டன. பிரவுசர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் என்பதால் சில மாதங்களிலேயே கோடிக்கணக்கான கருவிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. சர்வர் அப்படித் தானாக மாறுவதில்லை. யாரோ ஒருவர் மென்பொருளைப் புதுப்பித்து, அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, போர்ட்டை (இணைப்பு வந்து சேரும் எண்ணிட்ட வாசலை) திறந்துவிட வேண்டும். பரவலைப் பற்றிய கேள்வி எப்போதும் சர்வர் பக்கமே போவதற்கு இதுதான் காரணம்.

எத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

ஒரே எண்ணாகச் சொன்னால் தவறாகிவிடும்; இரண்டு சொல்கிறேன். பல தளங்களுக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிப் பதில் தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தன் ரேடார் பக்கத்தில் வெளியிட்ட 2024-ஆம் ஆண்டுக் கணக்கில், அதன் வழியாகச் சென்ற கோரிக்கைகளில் 20.5 சதவீதம் எச்டிடிபி/3-ல் சென்றன. ஏறத்தாழ அதே காலத்தில், தளங்களை எண்ணும் டபிள்யூ3டெக்ஸ் கணக்கு மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருந்தது.

ஒரே விஷயத்துக்கு இரண்டு எண்கள் என்றால், ஒன்று பொய்யாகத்தானே இருக்க வேண்டும்?

இரண்டுமே மெய். பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்தபோது மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று சொல்லித் தந்தார்கள். இங்கே கீழே இருக்கும் பகுதி வேறுபடுகிறது. ஒருவர் கோரிக்கைகளை எண்ணி வகுக்கிறார், மற்றவர் தளங்களை எண்ணி வகுக்கிறார். ஒரு கடைத்தெருவில் நூறு கடைகள் இருக்கின்றன, அவற்றில் முப்பதில் க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைகளை எண்ணினால் 30 சதவீதம். ஆனால் அந்தத் தெருவில் அன்று நடந்த விற்பனையில் எவ்வளவு அந்த அட்டைகள் வழியாக வந்தது என்று கேட்டால் 10 சதவீதமாகவும் இருக்கலாம், கூட்டம் மொய்க்கும் பெரிய கடைகளில் மட்டும் அட்டை இருந்தால் 70 சதவீதமாகவும் இருக்கலாம்.

இணையத்தில் இந்தப் பகுதி எண் இன்னும் பல வகைப்படும். தளங்கள், பக்கங்கள், கோரிக்கைகள், கடத்தப்பட்ட பைட்டுகள், ஆட்கள் என்று எதை வைத்தும் வகுக்கலாம். மிகப் பெரிய காணொளித் தளம் ஒன்று மாறினால் பைட்டுக் கணக்கு எகிறும், தளக் கணக்கு அசையாது. இன்னொரு காரணத்தையும் பலர் கவனிப்பதில்லை. தேடுபொறி நிரல்கள், கண்காணிப்புக் கருவிகள், செயலிகளுக்கு இடையே ஓடும் ஏபிஐ அழைப்புகள் ஆகியவற்றில் பெரும்பாலானவை இன்றும் எச்டிடிபி/1.1-ல்தான் பேசுகின்றன. அவற்றைச் சேர்த்து வகுத்தால் ஒரு சதவீதம் வரும். மனிதர்கள் திறந்த பக்கங்களை மட்டும் வைத்து வகுத்தால் வேறொரு சதவீதம் வரும்.

ஒரு சர்வரில் அது இருக்கிறதா இல்லையா என்று வெளியில் இருந்து எப்படித் தெரியும்?

சர்வரே சொல்லிவிடும். பிரவுசர் முதன்முறை ஒரு தளத்தைத் தொடும்போது, அங்கே எச்டிடிபி/3 இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதனால் வழக்கமான டிசிபி வழியாகப் போகிறது. பதிலோடு சேர்ந்து ஆல்ட்-எஸ்விசி என்ற ஹெட்டர் (பதிலின் தலைப்பில் வரும் குறிப்பு) வருகிறது. "இதே பெயரில், யுடிபி 443-ஆம் போர்ட்டில், எச்3 (எச்டிடிபி/3) முறையிலும் என்னை அணுகலாம், இந்தத் தகவலை 86,400 விநாடிகளுக்கு நினைவில் வைத்துக்கொள்" என்ற பொருளில் அதில் ஒரே ஒரு வரி இருக்கும். 86,400 விநாடி என்றால் ஒரு நாள். பிரவுசர் அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த இணைப்பில் எச்டிடிபி/3-ஐ முயன்று பார்க்கிறது. தளத்தின் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் பதிவிலேயே இந்த அறிவிப்பை வைக்கும் வழியும் 2023 நவம்பரில் ஆர்எஃப்சி 9460 என்று தரமாகிவிட்டது. அந்தப் பதிவு இருந்தால் முதல் தொடுதலிலேயே புதிய முறையில் போக முடியும்.

நீங்களே பார்க்கலாம். பிரவுசரில் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, நெட்வொர்க் பட்டியலில் புரோட்டோகால் என்ற நெடுவரிசையை வரவழையுங்கள். இதுவரை போகாத தளம் ஒன்றைத் திறந்தால் பெரும்பாலும் முதல் வரியில் எச்2 என்று இருக்கும். கீழே இறங்க இறங்க, படங்கள் வரும் இடத்தில், சில வரிகள் எச்3 என்று மாறியிருக்கும். பக்கத்தை மறுபடி ஏற்றினால் முதல் வரியே எச்3 ஆகிவிடும். ஒரே தளம், ஒரே ஆள், ஒரே நிமிடம். அதற்குள் இரண்டு விடைகள். இந்தக் காட்சியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள், கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விளக்கம் இதிலேயே இருக்கிறது.

அறிவிப்பு வருகிறது என்றாலே இயங்குகிறது என்றுதானே பொருள்?

இல்லை. இதை நான் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வரில் எச்டிடிபி/3-க்கு வேண்டிய வரிகளைச் சேர்த்து, ஹெட்டர் சரியாக வருகிறதா என்று பார்த்து, முடிந்தது என்று எழுதிவைத்தேன். எந்த இணைப்பை உள்ளே விடலாம் என்று வடிகட்டும் ஃபயர்வாலில் டிசிபி 443 திறந்திருந்தது, யுடிபி 443 மூடியிருந்தது. யாரும் புகார் சொல்லவில்லை. பிரவுசர் க்விக் இணைப்பை முயன்று, பதில் வராததைக் கண்டு, ஓசையில்லாமல் டிசிபி-க்கே திரும்பிவிட்டதால் பயனருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. பல வாரங்கள் கழித்து லாகை (வந்த கோரிக்கைகளைச் சர்வர் எழுதிவைக்கும் பதிவை) திறந்தபோதுதான் எச்டிடிபி/3 என்று முடியும் ஒரு வரிகூட அதில் இல்லை என்பதைப் பார்த்தேன். அந்த வாரங்களில், ஹெட்டரை மட்டும் பார்த்து எண்ணும் எந்த ஆய்விலும் என் சர்வர் 'ஏற்றுக்கொண்ட' பக்கத்தில் சேர்ந்திருக்கும்.

மேலே சொன்ன கடைத்தெருவில் இது, அட்டை ஒட்டியிருந்தும் வங்கிக் கணக்கோடு இணைக்கப்படாத கடை. ஆகவே அறிவித்திருப்பது, இணைக்க முடிவது, உண்மையில் இணைக்கப்படுவது என்ற மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆய்வு இந்த மூன்றில் எதைச் சொல்கிறது என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் அதை நம்பிப் படிப்பேன். எழுதாமல் 'பயன்பாடு' என்று மட்டும் போட்டிருந்தால், அறிவிப்பு என்றே எடுத்துக்கொள்வேன்.

ஆய்வு செய்பவர்கள் இணையத்தில் உள்ள எல்லாத் தளங்களையும் பார்க்கிறார்களா?

யாராலும் முடியாது, எல்லோரும் ஏதோ ஒரு பட்டியலில் இருந்துதான் தொடங்குகிறார்கள். நெடுங்காலம் பலரும் அலெக்சா தர வரிசையை நம்பியிருந்தார்கள். அதை நடத்திய அமேசான் 2022 மே 1-ஆம் தேதி அந்தச் சேவையை மூடிவிட்டது. இப்போது ஆய்வாளர்கள் மிகுதியாக எடுப்பது டிராங்கோ பட்டியல். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட அது, பல பட்டியல்களை முப்பது நாள் அளவில் சேர்த்துச் சமன் செய்கிறது. எச்டிடிபி ஆர்க்கைவ் என்ற திட்டம் 2018 முதல், குரோம் பயனர்கள் உண்மையில் போய்வந்த தளங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு மாதந்தோறும் சோதிக்கிறது. பட்டியல் மாறும் மாதத்தில் வரைபடத்தில் ஒரு படி ஏறியோ இறங்கியோ தெரியும். அதைத் தொழில்நுட்ப மாற்றம் என்று படிப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

எந்தக் கண்ணால் பார்க்கிறார்கள் என்பதும் முக்கியம். எச்டிடிபி ஆர்க்கைவ் ஒவ்வொரு தளத்தையும் நினைவு எதுவும் இல்லாத புதிய பிரவுசரால், தரவு மையத்தில் இருந்து திறக்கிறது. மேலே டெவலப்பர் கருவியில் பார்த்தது நினைவிருக்கட்டும்: முதல் தொடுதல் பெரும்பாலும் எச்2. எனவே அந்தச் சோதனையில் உண்மையாக எச்டிடிபி/3-ல் வந்த பக்கங்களை மட்டும் எண்ணினால் மிகக் குறைவாகத் தெரியும். இதை அறிந்துதான் அவர்களுடைய ஆண்டு அறிக்கையில் ஆல்ட்-எஸ்விசி அறிவிப்பைக் கொண்டு ஆதரவைக் கணக்கிடுகிறார்கள். தரவு மையத்துக்குத் தடையில்லாத நல்ல இணைப்பு இருக்கும். யுடிபி-யை முடக்கி வைத்திருக்கும் அலுவலக நெட்வொர்க்கில் இருந்து அதே தளத்தைத் திறப்பவருக்கு எச்டிடிபி/3 கிடைக்கவே கிடைக்காது.

ஒரே மாதத்தில் வரைபடம் செங்குத்தாக ஏறுகிறது. அத்தனை நிர்வாகிகளும் ஒரே நேரத்தில் மாறினார்களா?

மாறியிருக்க மாட்டார்கள். யாரோ ஒருவர் ஒரு சுவிட்சைப் போட்டிருப்பார். இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. நெட்கிராஃப்ட் நிறுவனம் 1995 முதல் வெப் சர்வர்களைக் கணக்கெடுத்து வருகிறது. 2006 ஏப்ரல் கணக்கில் அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள் சட்டென்று சரிந்து மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் ஏறியது. கோடேடி என்ற டொமைன் பதிவு நிறுவனம், பெயர் மட்டும் வாங்கிப் போட்டு உள்ளே ஒன்றும் இல்லாத லட்சக்கணக்கான முகவரிகளை லினக்ஸில் இருந்து விண்டோஸுக்கு மாற்றியதே அதற்குக் காரணம். ஒரே நிறுவனத்தின் ஒரே முடிவு, உலகமே மாறியதுபோல் தெரிந்தது. இப்படிப்பட்ட ஏமாற்றத்துக்கு இடம் தராமல் இருக்கத்தான் நெட்கிராஃப்ட் மொத்தப் பெயர்களையும், உயிர்ப்புள்ள தளங்களையும், கணினிகளையும் தனித்தனியே எண்ணித் தருகிறது.

எச்டிடிபி/3-ன் கதையும் இதேதான். கிளவுட்ஃபிளேர் 2019 செப்டம்பரில் தன் வாடிக்கையாளர்களுக்கு அதைத் திறந்துவிட்டது. லைட்ஸ்பீட் சர்வர் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொண்டது. அதை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒரு சர்வர் மாறினால் அதில் குடியிருக்கும் நூற்றுக்கணக்கான தளங்களும் மாறியதாகக் கணக்கு. காடி சர்வர் 2022 செப்டம்பரில் வந்த 2.6 பதிப்பில் இருந்து, கேட்காமலே இயக்கித் தருகிறது. என்ஜின்எக்ஸ் சர்வர் 2023 மே மாதம் 1.25.0 பதிப்பில்தான் சோதனை நிலையில் சேர்த்தது. அங்கே நிர்வாகி தானே வரி எழுத வேண்டும். அப்பாச்சியிலோ இன்னும் அதற்கென்று மாட்யூல் வரவில்லை. ஆகவே "இத்தனை தளங்கள் ஏற்றுக்கொண்டன" என்ற வாக்கியத்தில் ஏற்றுக்கொண்டவர் பெரும்பாலும் தள உரிமையாளர் அல்லர். தானாக இயங்காத இடங்களில் எத்தனை பேர் கைவைத்து இயக்கினார்கள் என்ற எண்தான் ஆர்வத்தைக் காட்டும். அந்த எண் எப்போதும் சிறியது, எனக்கு அதுதான் மதிப்புள்ளது.

முன்னால் சிடிஎன் (தளத்துக்கும் பயனருக்கும் இடையில் நின்று பதில் தரும் சர்வர் வலை) எச்டிடிபி/3-ல் பேசுகிறது, பின்னால் என் சர்வர் 1.1-ல்தான் பேசுகிறது. நான் எந்தக் கணக்கில் வருவேன்?

வெளியில் இருந்து எண்ணும் எல்லோருடைய கணக்கிலும் எச்டிடிபி/3 தளமாகவே வருவீர்கள். அவர்களுக்கு உங்கள் சர்வர் தெரியாது, வாசலில் நிற்கும் சிடிஎன் மட்டுமே தெரியும். உங்கள் சர்வரின் லாகில் எல்லா வரியும் பழைய பதிப்பாகவே இருக்கும். என்ஜின்எக்ஸ் தனக்குப் பின்னால் உள்ள செயலியோடு பேசும்போது நீண்ட காலமாக இயல்புநிலையில் எச்டிடிபி/1.0-ஐத்தான் பயன்படுத்தி வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே கோரிக்கை மூன்று கட்டங்களில் மூன்று பதிப்புகளில் பயணம் செய்யலாம்.

இது ஏமாற்று வேலை ஆகாது. பாக்கெட் தொலைவதும் தாமதமும் மிகுதியாக இருப்பது பயனரின் கைப்பேசிக்கும் சிடிஎன்-னுக்கும் இடையில்தான். பயன் கிடைக்க வேண்டிய இடத்தில் கிடைத்துவிடுகிறது. ஆனால் "எங்கள் சர்வர் எச்டிடிபி/3-க்கு மாறிவிட்டது" என்று அறிக்கையில் எழுதாதீர்கள். மாறியது உங்கள் சிடிஎன்.

பிஎச்பி, நோட் போன்ற சர்வர் மொழிகளின் பரவலையும் இதே முறையில் அளக்கலாமா?

அங்கே இன்னும் கடினம். எச்டிடிபி/3 தன்னை அறிவித்தாக வேண்டும், இல்லாவிட்டால் பயனில்லை. மொழி அப்படி அறிவிக்கத் தேவையில்லை. பிஎச்பி பல சர்வர்களில் எக்ஸ்-பவர்ட்-பை என்ற ஹெட்டரில் தன் பெயரையும் பதிப்பையும் சொல்லிவிடுகிறது. அல்லது பிஎச்பிசெஸ்ஐடி என்ற குக்கியால் காட்டிக்கொடுக்கிறது. ஜாவாவுக்கு ஜேசெஷன்ஐடி. கோ மொழியிலோ ரஸ்டிலோ எழுதிய சர்வர் பொதுவாக எந்தத் தடயமும் விடுவதில்லை. பாதுகாப்பை எண்ணி ஹெட்டரை மறைப்பவர்களும் கணக்கில் இருந்து மறைந்துவிடுகிறார்கள்.

பிஎச்பி-க்கு முக்கால் பங்கு என்று டபிள்யூ3டெக்ஸ் சொல்வதைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். சர்வர் மொழி இன்னதென்று கண்டறிய முடிந்த தளங்களில் முக்கால் பங்கு என்பதே அதன் முழு வாக்கியம். அவர்கள் அதைத் தெளிவாகவே எழுதுகிறார்கள், மேற்கோள் காட்டுபவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள். பகுதி எண்ணைப் பற்றி மேலே சொன்னது இங்கே இரண்டு மடங்கு பொருந்தும்.

பதிவிறக்க எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாதா? கோடிக்கணக்கில் காட்டுகிறதே?

வளர்கிறதா தேய்கிறதா என்ற போக்கை அறிய ஓரளவு உதவும். பரவலின் அளவைச் சொல்லாது. மென்பொருள் தொகுப்புகளை இறக்கிக்கொள்ளும் என்பிஎம், டாக்கர் ஹப் போன்ற இடங்களில் காட்டும் எண்ணில், ஒவ்வொரு முறை நிரல் மாறும்போதும் தானாக ஓடிச் சோதிக்கும் சிஐ இயந்திரங்கள் மீண்டும் மீண்டும் இறக்குவதும் சேர்ந்திருக்கிறது. பத்துப் பேர் உள்ள ஒரு குழு ஒரே வாரத்தில் ஆயிரம் முறை இறக்க முடியும். நேர்மாறாக, பெரிய நிறுவனங்கள் ஒருமுறை இறக்கித் தங்கள் உள்சேமிப்பில் வைத்துக்கொண்டு ஆயிரம் சர்வர்களுக்குக் கொடுக்கும்.

ஒரு நுட்பம் பின்வாங்குவதையும் அளந்து காட்ட முடியுமா?

முடியும், அளந்துதான் ஒன்றை நீக்கவே செய்தார்கள். எச்டிடிபி/2 வந்தபோது சர்வர் புஷ் என்ற வசதியைப் பெரிதாகப் பேசினார்கள்: பிரவுசர் கேட்பதற்கு முன்பே வேண்டிய கோப்பைச் சர்வர் தள்ளிவிடும். சில ஆண்டுகளில் எச்டிடிபி/2 தளங்கள் பெருகின. ஆனால் அவற்றில் புஷ்ஷைப் பயன்படுத்தியவை ஒரு சதவீதத்தை ஒட்டியே நின்று, பிறகு அதற்கும் கீழே போயின. பிரவுசரிடம் ஏற்கெனவே இருக்கும் கோப்பையே சர்வர் மறுபடி தள்ளியதால் பல இடங்களில் வேகம் குறையவும் செய்தது. 2022-ல் குரோம் தன் 106-ஆம் பதிப்பில் அந்த வசதியை இயல்புநிலையில் நிறுத்தியது. எச்டிடிபி/2 வெற்றி பெற்ற அதே ஆண்டுகளில் அதன் ஒரு பகுதி தோற்றுக்கொண்டிருந்தது. பதிப்பு எண்ணை மட்டும் எண்ணியவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

எங்கள் அலுவலகத்தில் மாறலாமா என்று முடிவெடுக்க எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

உலகக் கணக்கை வைத்து இரண்டு விஷயங்களை மட்டும் முடிவு செய்யுங்கள்: நுட்பம் நிலைத்துவிட்டதா, உங்கள் மென்பொருளில் ஆதரவு இருக்கிறதா. இரண்டுக்கும் இன்று விடை தெளிவாக இருக்கிறது. மற்றதற்கு உங்கள் லாகே போதும். யாருடைய கருவி, எந்த நெட்வொர்க், எத்தனை பேர் முதல்முறை வருபவர்கள் என்று பாருங்கள். கைப்பேசியில் சிக்னல் ஏறி இறங்கும் இடங்களில் இருந்து வருபவர்கள் அதிகம் என்றால் பயன் கண்கூடாகத் தெரியும். டிசிபி-யும், இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ்-ஸும் தொடக்கத்தில் தனித்தனியே கைகுலுக்கும் நேரத்தை க்விக் ஒன்றாக்கிவிடுகிறது. எல்லோரும் ஒரே கட்டடத்தில் கம்பி இணைப்பில் இருந்து திறக்கும் உள்அலுவலகச் செயலி என்றால் அவசரம் ஏதும் இல்லை. யுடிபி வழியாக அதே அளவு தரவை அனுப்பச் சர்வரின் சிபியு கூடுதலாக உழைக்கிறது என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாறிவிட்டோம். எங்கள் லாகில் 55 சதவீதம் எச்டிடிபி/3. உலகக் கணக்கு 20 சொல்கிறது. எங்கள் லாக் தவறா?

லாக் தவறு இல்லை. உங்களிடம் வருபவர்கள் திரும்பத் திரும்ப வருபவர்களாக இருந்தால், ஆல்ட்-எஸ்விசி அறிவிப்பு அவர்கள் பிரவுசரில் ஏற்கெனவே பதிந்திருக்கும், அதனால் முதல் கோரிக்கையே எச்3-ல் வரும். உலகக் கணக்கில் எச்டிடிபி/3-ஐ இயக்காத தளங்களும் ஏபிஐ அழைப்புகளும் கலந்திருக்கின்றன. உங்கள் கணக்கில் இயக்கிவிட்ட ஒரே தளம்தான் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடக் கூடாது.

55-ஐவிட மீதி 45-ஐப் பிரித்துப் பாருங்கள். வேலை இருப்பது அங்கேதான். என்ஜின்எக்ஸின் வழக்கமான லாகில் ஒவ்வொரு கோரிக்கை வரியின் முடிவிலும் பதிப்பு எண் இருக்கும் என்பதால் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. முதலில் தேடுபொறி நிரல்களையும், நிமிடத்துக்கு ஒருமுறை வந்து உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கண்காணிப்புக் கருவியையும் கழியுங்கள். பிறகு புதிய பிரவுசரில் இருந்தும் எச்2-லேயே நிற்பவர்களை ஐபி முகவரி வாரியாக அடுக்குங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே முகவரியில் இருந்து நூற்றுக்கணக்கான வரிகள் எச்2-ஆகவே வந்தால், அங்கே ஃபயர்வாலில் யுடிபி 443 மூடியிருக்க வாய்ப்பு அதிகம். அவர்களுடைய நெட்வொர்க் நிர்வாகிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். எல்லா முகவரிகளிலும் சீராகப் பரவியிருந்தால், அவை முதல் தொடுதல்கள். டிஎன்எஸ்-ல் அந்த அறிவிப்புப் பதிவைச் சேர்த்துவிட்டு, ஒரு வாரம் கழித்து இதே கணக்கை மறுபடி எடுங்கள்.